மூதாதைக்கு ஒரு குடிப்பதிவு

மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று உலக அறிஞர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சீனாவில் ஹெனான் மாகாணத்து லிங்சே மாவட்டப் பண்பாட்டு அலுவலகம் அதை ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்த்துவைத்தது.

எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தவர் பாங் யூலின். கான்சூ மாகாணத்திலிருந்து பிழைக்க வந்து, பதினெட்டு ஆண்டுகளாக இங்கே அகழாய்வுக் குழிகளில் மண் சுரண்டுகிறார். நாலாயிரம் வருடத்துப் பற்களை ஒன்றுகூட உடையாமல் எடுத்தார். அதற்கான பாராட்டுப் பத்திரம் அலுவலகத் தலைவர் நியேவுக்குக் கிடைத்தது.

எலும்புக்கூட்டுக்கு 'லிங்சேயின் முதல் மூதாதை' என்று பெயர்சூட்டி, சிலைக்கு அடிக்கல்லும் நாட்டிய பிறகுதான் பற்களைச் சோதித்த ஆய்வகத்தின் கடிதம் வந்தது. செத்தவர் பிறந்து வளர்ந்தது கான்சூ பக்கம். லிங்சேக்காரர் எவருக்கும் அவர் ரத்த உறவில்லை.

அவசரக் கூட்டத்தில் எலும்புப் பெட்டியைப் பிடித்தபடி நின்ற பாங்கால் அடக்க முடியவில்லை.

"எங்க ஊர்க்காரருங்க!"

"வாயை மூடு, பாங்!" தலைவர் தேநீர்க் குவளையை மூடினார். "உள்ளூர்க்காரன்னா யாரு? உள்ளூர்க் குடிப்பதிவு இருக்கறவன். இவருக்கும் ஒண்ணு போட்டுட்டா முடிஞ்சுது."

மாலைக்குள் மூதாதையின் குடிப்பதிவுப் புத்தகத்தில் சிவப்பு முத்திரை விழுந்தது. பால்: ஆண். திருமணம்: விசாரணையில். படிப்பு என்ற இடத்தைக் காலியாக விடுவது மூதாதைக்கு அழகல்ல என்பதால், 'உயர்நிலைப் பள்ளி'.

பாங்குடைய மகளின் குடிப்பதிவு மனு ஆறு முறை திரும்பி வந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனார்.

"தலைவரே, அவரும் கான்சூ, நாங்களும் கான்சூ. கையோட எம் பொண்ணுக்கும் ஒரு முத்திரை குத்திடுங்க. இல்லேன்னா இங்க உயர்நிலைப் பள்ளியில சேக்க மாட்டாங்க. ஊருக்குத் தனியா அனுப்பணும். பதினஞ்சு வயசுதாங்க ஆகுது."

நியே உண்மையிலேயே உருகிப்போனார்.

"உன் கஷ்டம் புரியுது. ஆனா சட்டம் 'நிலையா குடியிருக்கணும்'னு சொல்லுதே! அவர் வந்து நாலாயிரம் வருஷமாச்சு, ஒரு நாள் நகந்திருப்பாரா? நீ வருஷா வருஷம் புத்தாண்டுக்கு ரயிலேறி ஊருக்கு ஓடறே."

"அம்மா அப்பாவப் பாக்கப் போறேங்க."

"அவர் போனாரா? வீடு கேட்டாரா? பள்ளிக்கூடம் கேட்டாரா? குடிமகன்னா அப்படி இருக்கணும், பாங்!"

செப்டம்பர் முதல் தேதி, பள்ளிகள் திறக்கும் நாளில், சிலையும் திறக்கப்பட்டது. முந்தின நாள்தான் மகளைக் கான்சூ ரயிலில் ஏற்றிவிட்டிருந்தார் பாங். ஜன்னலுக்குள் அவள் அழாமல் இருந்ததுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. விழாவில் தலைவர், எங்கிருந்து வந்தவரையும் மார்போடு அணைக்கும் மண் இது என்று முழங்கினார். மாவட்டமே தலை வணங்கியது.

தொலைக்காட்சிக்காரப் பெண் பாங்கிடம் ஒலிவாங்கியை நீட்டினாள்.

"மூதாதையைக் கண்டெடுத்தவர் நீங்க. நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே?"

"இன்னும் இல்லம்மா," என்றார் பாங் பணிவாக. "அதுக்கு மொதல்ல சாகணும். அப்புறம் வெளியூர்க்காரன் எவனாவது வந்து தோண்டி எடுக்கணும்."