கால் தரையில் படவில்லை

நான் சைக்கிளிலிருந்து விழுந்த கதையை எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விருந்தாளி காப்பி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்கள். அந்தக் கதையில் ஒரே ஒரு பிழைதான். நான் விழவில்லை. (பறந்தேன். அது வேறு.) இத்தனை வருஷமாக நானும் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பாரில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

சேலத்தில் கல்லூரியில் படித்த காலத்தில் என்னிடம் ஒரு ரேஸ் சைக்கிள் இருந்தது. ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனில் டயர். வளைவைப் பிடித்துக் குனிந்து மிதித்தால் ரோட்டைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மாவட்ட அளவில் கப் வாங்கியவள் நான். (போட்டியிட்டவர்கள் மொத்தமே நாலு பேர், அதில் ஒருத்திக்குச் செயின் கழன்றுவிட்டது என்பதெல்லாம் இங்கே தேவையில்லாத விவரம்.)

தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி ஏற்காட்டு மலையிலுள்ள நாகலூருக்கு வந்தேன். கணவர் அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். கட்டில் பீரோவோடு என் ரேஸ் சைக்கிளும் வேனில் மலையேறியது. எஸ்டேட் ரோட்டில் தார் பாதி, கல் பாதி. இரண்டே மாதத்தில் அந்த டயர்களில் ஒட்டுப் போட இடமில்லாமல் போயிற்று.

வீட்டில் எங்களோடு என் மாமியார். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அத்தைக்குப் பொய் வராது. முயற்சி செய்தாலும் வராது. கல்யாணப் பந்தியில் என் அப்பா மரியாதைக்கு, “சாப்பாடு எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டதற்கு, “ரசம் பரவால்லீங்க. சாம்பாரத்தான் வாயில வெக்க முடியலை” என்றவர். ஒரு முறை யாரோ தேடி வந்தபோது கணவர் உள்ளே ஒளிந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னார். அத்தை வாசலுக்குப் போய், “உள்ளதான் இருக்கறானுங்க, இல்லைன்னு சொல்லச் சொல்றான்” என்று சொல்லிவிட்டு வந்து அரிசி களைந்தார்.

அந்தச் சமயத்தில் ஏற்காட்டுப் பள்ளி ஒன்றில் இசை சொல்லிக்கொடுத்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்புவதால் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். ரேஸ் சைக்கிளைச் சேலத்தில் விற்றுத் தள்ளிவிட்டு அவருடைய சைக்கிளை வாங்கினேன். ரேஸ் சைக்கிளும் இல்லை, மலைக்காட்டுச் சைக்கிளும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ‘ஹைப்ரிட்’ என்றார். நேர்க்கம்பி ஹேண்டில்பார், நடுத்தரத் தடிமனில் டயர், எண்ணி மாளாத கியர்கள்.

இன்னொன்றும் சொன்னார். அவர் நாட்டு வழக்கப்படி அதில் இடது கை பிரேக் முன் சக்கரத்துக்கு, வலது கை பின் சக்கரத்துக்கு. நம் ஊரில் அப்படியே தலைகீழ். அதுவும் இந்த பிரேக் பிடித்தால் பிடித்ததுதான், விரல் நுனியால் தொட்டால் போதும், ஜாக்கிரதை என்றார். மாவட்டக் கப் வாங்கியவளுக்குச் சைக்கிள் பாடமா? நான் பெல் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாகலூருக்கு அதில் திரும்பும்போதே முதல் சண்டை வந்தது. குனிந்தே பழகியவளுக்கு நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவது நாற்காலியில் உட்கார்ந்து ஊர்வலம் போவது போல இருந்தது. எல்லாரும் எனக்குத் தெரிந்தார்கள். அதைவிட மோசம், நான் எல்லாருக்கும் தெரிந்தேன். ஒரு இறக்கம் வந்தது. என் இரண்டு கைகளும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஹேண்டில்பாரின் கீழ் வளைவைத் தேடிப் போயின. அதில் ஏது வளைவு? காற்றைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனேன். அதாவது, அடுத்த காப்பிச்செடி வரை.

பக்கத்து ஊரான தலைச்சோலையின் பால்காரர் ஓடி வந்து முதலில் சைக்கிளைத் தூக்கினார். அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். “நொம்ப நல்ல வண்டிங்க அம்மிணி. குடுக்கறதுன்னா என்கிட்டச் சொல்லுங்க.”

வீட்டில் அத்தை சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “ஹைப்ரிட்டுன்னா நம்ம தக்காளி மாதிரியா தம்பி?” என்று மகனைக் கேட்டார். “பாக்கப் பெருசா இருக்கும், ருசியே இருக்காதே.”

அடுத்த சில வாரங்களில் அந்தச் சைக்கிள் என்னை ஒரு மிளகுக் கொடியிலும், ரேஷன் கடை வரிசையிலும், ஒரு முறை நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் பின்புறத்திலும் கொண்டுபோய்ச் சேர்த்தது. எந்தக் கை பிரேக் எந்தச் சக்கரத்துக்கு என்று என் மூளைக்கு நன்றாகத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அத்தை தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துக்கொண்டு வந்து நின்றார். கடைசியில் ஒருநாள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

“பழைய வண்டியாச்சும் டயருதான் வெடிக்கும் கண்ணு. இது ஆளையே வெடிக்க வெச்சுரும். தை பொறந்ததும் பால்காரருகிட்டக் குடுத்துரலாம்.”

கணவர் என் முகத்தையும் பார்க்காமல் அத்தை முகத்தையும் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார்.

எனக்கு வந்ததே கோபம். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு சைக்கிள்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், யாரையும் கூட்டிப் போகச் சொல்லிக் கெஞ்சாமல், நினைத்தபோது நினைத்த இடத்துக்கு என்னைக் கொண்டுபோவது அது ஒன்றுதான். (நினைக்காத இடத்துக்கும் கொண்டுபோகும். அதனாலென்ன?) “எஸ்டேட் பொங்கல் விளையாட்டில் பெண்களுக்குச் சைக்கிள் ரேஸ் இருக்கிறதல்லவா? அதில் இதே சைக்கிளில் ஜெயிக்கிறேன். ஜெயித்தால் இது இங்கேதான் இருக்கும். தோற்றால் நானே தள்ளிக்கொண்டு போய்ப் பால்காரரிடம் கொடுக்கிறேன்” என்றேன்.

“சரி” என்றார் அத்தை.

அத்தை உள்ளே போன பிறகு கணவர் மெதுவாகச் சொன்னார். “அது ஸ்லோ ரேஸ் தெரியுமில்ல?”

தெரியாது. கடைசியாக வருகிறவருக்குப் பரிசு, நடுவில் கால் தரையில் பட்டால் அவுட். வேகமாக ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒருத்தி, வேகமே கூடாத பந்தயத்தில் தன் சைக்கிளைப் பணயம் வைத்திருக்கிறாள். வருஷா வருஷம் அதில் ஜெயிப்பவர் மிஷன் பள்ளிக்கூடத்து ஸ்டெல்லா டீச்சர் என்றும் சொன்னார். அவர் சைக்கிளை நிறுத்திவைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்து ஜெபம்கூடச் செய்வார் என்று ஊரில் பேச்சு.

மார்கழிக் குளிரில் தினமும் காப்பிக் களத்தின் ஓரத்தில் பழகினேன். நாலு நாளில் ஒரு உண்மை புரிந்தது. இந்தச் சைக்கிளின் மிகச் சின்ன கியரில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகரவே நகராது. ரேஸ் சைக்கிளில் இதைக் கனவிலும் செய்ய முடியாது. முதல் தடவையாக அந்தச் சைக்கிள்மேல் எனக்கு ஆசை வந்தது.

பொங்கலுக்கு மறுநாள் களத்தில் காய்ந்த காப்பிக் கொட்டையெல்லாம் ஒரு பக்கம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு. முடிகிற கோட்டை ஒட்டியே பெரியவர்களுக்கு மடக்கு நாற்காலிகள். முதல் வரிசை நடுவில் அத்தை. அவருக்குப் பின்னால், கயிறோடு தயாராக, பால்காரர்.

மைக்கில் விதி சொல்லி விசில் ஊதியவர் எஸ்டேட் ஸ்டோர் கீப்பர். கிளம்பியதும் இரண்டு பேர் கால் ஊன்றி அவுட். மிச்சம் ஸ்டெல்லா டீச்சரும் நானும். டீச்சர் எனக்கு ஒரு சைக்கிள் நீளம் முன்னால், ஆடாமல் அசையாமல், தேர் மாதிரிப் போனார். நான் சின்ன கியரில் உருண்டேன். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததைப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் கோட்டருகே போய் நின்றார், நெளிந்தார், மறுபடி நின்றார். கடைசியில் முன் சக்கரம் தானாகவே கோட்டைத் தாண்டிவிட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது.

இனி கால் ஊன்றாமல் நான் கோட்டைத் தாண்டினால் போதும். பரிசு என்னுடையது. சைக்கிள் என்னுடையது. அந்த நேரம் பார்த்து என் கணவர் நிலைமறந்து கத்தினார். “மிதி! மிதி!”

முன்னால் ஒரு வெள்ளைக் கோடு, காதில் கூட்டத்தின் சத்தம். என் கால்கள் சேலத்துக்கே திரும்பிவிட்டன. கியரை ஏற்றி, எழுந்து நின்று மிதித்தேன். வண்டி துள்ளியது. எதிரே நாற்காலிகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. பின் சக்கரத்தை நிறுத்த இடது கையை இறுக்கிப் பிடித்தேன். முழுக் கையால், ரேஸ்காரி பிடியாக.

முன் சக்கரம் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. நான் நிற்கவில்லை.

கண் திறந்தபோது என் தலை பக்கத்து நாற்காலியில் இருந்தது. இடுப்பு அத்தையின் மடியில். இரண்டு கால்களும் மறுபக்கம் அந்தரத்தில். அத்தையின் கண்ணாடி என் கையில்.

“ஐயோ! அடி பட்டுச்சா கண்ணு?” அத்தை என் தலையைத் தடவினார். “எறங்கு சாமி, பாக்கலாம்.”

இறங்கப் போனேன். சட்டென்று உறைத்தது. காலைக் கீழே வைத்தால் அவுட்!

“மாட்டேன் அத்தை.”

“என்னது?”

“தீர்ப்புச் சொல்லட்டும். அதுவரைக்கும் இறங்க மாட்டேன்.”

ஸ்டெல்லா டீச்சர் ஸ்டோர் கீப்பரிடம் போனார். “ஏனுங்க, இது என்னங்க நாயம்? சைக்கிள் கோட்டத் தாண்டவே இல்லீங்களே!”

“ஆள் தாண்டியாச்சு!” என்றேன், மடியில் படுத்தபடி. “கால் படக் கூடாதுன்னுதானே விதி? சைக்கிள் தாண்டணும்னு மைக்கில சொன்னீங்களா?”

ஸ்டோர் கீப்பர் யோசித்தார். சொல்லவில்லைதான். “அப்ப, கால் பட்டுச்சா படலையா? அதுதான் கேள்வி” என்றார். அந்தக் களேபரத்தில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. எனக்கே தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஆள் ஒருவர்தான். களம் முழுக்க அத்தையைப் பார்த்தது. பால்காரரும் எட்டிப் பார்த்தார்.

ஒரு வார்த்தை. ‘பட்டுச்சு’ என்றால் அந்தச் சைக்கிள் அன்றைக்கே தலைச்சோலைக்குப் போய்விடும். அத்தை ஒரு மாதமாகக் கேட்டதும் அதைத்தானே?

அத்தை என் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். என் கால்களைப் பார்த்தார். என்னைப் பார்த்து முறைத்தார்.

“படலைங்க” என்றார். “நேரா என்ற மடிலதான் வந்து விழுந்தா. இன்னும் எறங்காம படுத்திருக்கறா பாருங்க. நொம்ப கனமுங்க, சீக்கிரம் சொல்லித் தொலைங்க!”

விசில் ஒலித்தது. எனக்கு ஒரு எவர்சில்வர் குடம் கிடைத்தது. பால்காரர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை, தொடைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தையிடம் கணவர் கேட்டார். “அந்தச் சைக்கிள ஊட்ட உட்டு அனுப்பறதுக்கு நல்ல சமயமாச்சேம்மா? பட்டுச்சுன்னு சொல்லியிருக்கலாமில்ல?”

“பட்டிருந்தாச் சொல்லியிருப்பன்டா. படலையே, அதுக்கு நானென்ன பண்றது?” என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, “பின்னால ஒரு கேரியர் வெச்சுக்கோ. குடத்த வெச்சுத் தண்ணி கொண்டாரலாம்” என்றார். நான் குடத்தை எடுத்துத் துடைத்தேன்.

அடுத்த பொங்கலிலிருந்து அந்தக் களத்தில் மைக்கில் ஒரு விதி சேர்ந்தது. “ஆளும் சைக்கிளும் ஒண்ணாத் தாண்டோணும்.” ஸ்டெல்லா டீச்சர் கேட்டு வாங்கிய விதி. என்னால் வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. எங்கள் வீட்டிலோ, நான் எந்த வாதத்திலாவது விடாப்பிடியாக நின்றால், பிள்ளைகள் ஒரே குரலில் சொல்கிறார்கள், “அம்மா, தீர்ப்பு சொல்லியாச்சு, மடியிலிருந்து இறங்கு.”

நான் இறங்குவதில்லை.