கிருமிச்சுவர் நிபுணர்

சாப்பாட்டு மேசையிலேயே புது ஆன்டிபயாடிக் கண்டுபிடித்துவிடும் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளிப் படிப்பு முடிந்து சில மாதம்தான் ஆகியிருக்கும். அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. ஆனால் மருந்து ஆராய்ச்சி எங்கே கோட்டை விடுகிறது என்று மட்டும் நன்றாகத் தெரியும். கையில் எப்போதும் ஒரு நோட்டு. அதில் செங்கல் செங்கலாக ஒரு சுவர்ப் படம்.

முடி வெட்டுகிறவர், தண்ணீர்க் கேன் கொண்டுவருகிறவர், வழி கேட்டு நின்றவர், யாரும் தப்ப முடியாது. பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது, வளர வளர அதைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கட்டுகிற கொத்தனாரின் கையை மருந்து பிடித்துக்கொண்டால் சுவர் பலமிழந்து கிருமி வெடித்துப்போகும், நம் செல்லுக்குச் சுவரே இல்லாததால் நமக்கு ஆபத்தில்லை என்று மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பார். இதுவரை சரிதான். கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டால்? இன்னும் பலமாக ஒன்று செய்தால் போயிற்று என்பார்.

எங்கள் வீட்டு நிபுணருக்கு ஒரு துரதிர்ஷ்டம். அவருடைய அண்ணிக்கு வேலையே அதுதான். ஆய்வகத்தில் ஆறு வருடமாக ஒரே மூலக்கூறை மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிறார்.

"பலமான்னா எவ்வளவு பலமா? பாத்ரூம் கழுவுற ஆசிட்டும்தான் கிருமியக் கொல்லும். நோயாளிக்கு ஊத்தலாமா?" என்று அண்ணி கேட்டார்.

நிபுணர் நோட்டை மேசைக்கடியில் வைத்து 'பலமாக' என்ற சொல்லை அடித்தார். மேசைக்கடியில் நடந்தது எனக்கெப்படித் தெரியும்? நிபுணர் நான்தான்.

ஆய்வகத்துக்குள் வெளியாட்களை விடுவது வருடத்தில் ஒரே ஒரு நாள். என் நச்சரிப்புத் தாங்காமல் அண்ணி என் பெயரைக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை போகவேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்னால் பந்து விளையாடும்போது காலில் ஆணி கிழித்துச் சீழ் வைத்தது. டாக்டர் ஏழு நாளுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் வலி போய்விட்டது. நிபுணரல்லவா, நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கால் மறுபடி வீங்கியது. காலுறை போட்டு மறைத்தேன்.

அன்று மாலை அண்ணி, "உன் புது மருந்தக் காட்டு" என்று நோட்டைக் கேட்டார். சுவர்ப் படம் போட்ட பக்கம் தானாகத் திறந்தது. அங்கே அடையாளத்துக்கு நான் செருகியிருந்தது மாத்திரை அட்டை. நாலு நாள் மாத்திரை அப்படியே இருந்தது. அண்ணி அட்டையைப் பார்த்தார், என் காலுறையைப் பார்த்தார்.

"வலி போயிடுச்சு அண்ணி."

"உனக்குப் போயிடுச்சு. கிருமியோட கொத்தனார் போனானா?"

சீழ் பிடித்த காலோடு ஆய்வகத்துக்குள் விடமாட்டார்கள். பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு அண்ணி சொன்னார்: "கிருமிய மருந்துக்குப் பழக்கிவிட உன்ன மாதிரி ஆளுங்க இருக்கறவரைக்கும் என் வேலைக்கு ஆபத்தில்ல."

உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் அப்படியெல்லாம் செய்யமாட்டீர்கள். இருந்தாலும் எழுந்துபோய் உங்கள் மேசை இழுப்பறையை ஒரு தடவை திறந்து, பழைய அட்டையில் எத்தனை மிச்சம் என்று பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை. டாக்டர் சொன்னபடி காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, நான் இங்கேதான் இருப்பேன்.