சீட் பாய் தைத்த மரத்துச் சீட்

மனிதர்களை முகத்தைப் பார்த்து எடை போடுகிறவர்கள் உண்டு, பேச்சைக் கேட்டு எடை போடுகிறவர்கள் உண்டு. உட்காரும் இடத்தைப் பார்த்து எடை போட்டவர் உலகத்திலேயே சீட் பாய் ஒருவர்தான். அந்தக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

கடலூர் முதுநகரில் பைக், ஆட்டோ, வேன் எல்லாவற்றுக்கும் சீட் தைக்கிறவர் அவர். பள்ளிவாசல் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கலாம். ஊருக்கு சீட் பாய்தான். கடைக்கு வருகிறவரைத் தலையிலிருந்து கால்வரை பார்க்க மாட்டார். நடுவில் மட்டும் ஒரு பார்வை. "உங்களுக்கு முதுகு வலி இருக்கணுமே? ஒரு பக்கமா சாஞ்சி ஓட்டுறீங்க, சீட்டு சொல்லுது" என்பார். வந்தவர் வைத்தியரிடம்கூடச் சொல்லாததை அவரிடம் கொட்டுவார். எதைத் தைத்தாலும் முதலில் தான் உட்கார்ந்து பார்க்காமல் கொடுக்க மாட்டார். ஒருமுறை பள்ளிக்கூட வேனின் பதினெட்டு சீட்டிலும் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம், கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே நின்றார்.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். காடாம்புலியூர்ப் பக்கம் நான்கு ஏக்கர் முந்திரித் தோப்பு உண்டு. ஓரத்தில் கொஞ்சம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தேன். காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்து அதைத் தோண்டித் தின்றன. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை தகரம் தட்டினார், பழைய புடவை கட்டினார். பன்றிகள் அந்தப் புடவையையும் மிதித்துக்கொண்டு வந்தன. அறுபத்தெட்டு வயதில் எனக்கு வேட்டை ஆசை வந்தது. அப்பாவின் பழைய துப்பாக்கி பரண்மேல் கிடந்தது. அனுமதி வாங்காமல் சுடுவது குற்றம் என்று தெரியும். அதையும் ஒப்புக்கொள்கிறேன். கடைசிவரை ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை என்பதால் கொஞ்சம் தைரியமாகவே ஒப்புக்கொள்கிறேன்.

மரத்தில் மேடை கட்டலாம் என்றேன். ஏழுமலை தலையை ஆட்டினார். "வேணாங்கய்யா. போன தடவ கட்டுனத ரெண்டே நாள்ல எவனோ அடுப்பெரிக்கத் தூக்கிட்டுப் போயிட்டான்."

அப்போதுதான் என் செல்போனில் ஒரு வெளிநாட்டுக்காரர் பலாமரம் மாதிரி ஒரு மரத்தில், இடுப்புக்குக் கீழே ஒரு துணிச் சீட்டை மாட்டிக்கொண்டு, தண்டில் கட்டிய கயிற்றில் சாய்ந்து சுகமாகத் தொங்கியதைப் பார்த்தேன். இரண்டு கையும் சும்மா இருந்தன. போனை எடுத்துக்கொண்டு நேராக சீட் பாயிடம் போனேன்.

அவர் அந்த வீடியோவை ஏழு முறை பார்த்தார்.

"எதுக்கு சார் இது?"

"காட்டுப்பன்னி வேட்டைக்கு பாய். உங்களுக்கு ஆகாதுன்னா சொல்லிடுங்க."

"எனக்கு ஆவாதுதான். ஆனா மரத்துல உக்காரப் போறது நீங்கதானே சார், பன்னி இல்லியே?"

அளவெடுக்க என்னைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஈர மணலைக் குவித்து அதன்மேல் உட்காரச் சொன்னார். என்னை எழுப்பிவிட்டு, மண்டியிட்டு, மணலில் விழுந்த பள்ளத்தை டேப்பால் அளந்தார். வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"சார், எடது பக்கம் வெயிட் ஜாஸ்தி."

"பர்ஸ் வச்சிருக்கேன் பாய்."

"பர்ஸ் வலது பக்கம் இருக்கு சார்."

முப்பத்தைந்து வருடம் புவியீர்ப்பு மையம் பற்றிப் பாடம் எடுத்தவன் நான். என்னுடைய மையம் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு தையல். காயலான் கடையில் நொறுங்கிக் கிடந்த கார்களிலிருந்து சீட் பெல்ட்டுகளை அறுத்து வந்தார். ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துப் பாதியைத் தூக்கிப் போட்டார். தொடைக்குக் கீழே அகலமாகப் படகுக் கித்தான், ஓரம் மடித்து உள்ளே மெல்லிய ஃபோம். ரத்தம் கட்டக்கூடாதாம். பெல்ட்டை மடித்து வளையமாக்கிய இடத்தில் நீளவாக்கில் நான்கு வரி, நடுவில் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா பாய்? குறுக்கே இன்னும் நாலு வரி ஓட்டலாமே?"

"ஒவ்வொரு குத்தும் துணிக்கு ஒரு காயம் சார். குறுக்க வரிசையா குத்துனா நாமளே அறுத்து வச்ச மாதிரி. எங்க குத்தணுமோ அங்க மட்டும்தான் குத்தணும்."

தைத்து முடித்ததும் கடைக்கு எதிரே இருந்த வாதாமரத்தில் முதலில் இரண்டு மூட்டை சிமெண்டைத் தொங்கவிட்டார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தானே ஏறித் தொங்கினார். மதியத் தொழுகைக்கு இறங்கினார், தொழுதுவிட்டு மறுபடி ஏறினார். அங்கிருந்தபடியே வியாபாரமும் நடந்தது. எதிர்க்கடை டீக்காரர் கம்பு நுனியில் கிளாசைக் கட்டி மேலே நீட்டினார். ஒரு பைக்காரர் வந்து அண்ணாந்து பார்த்து, "பாய், எப்ப எறங்குவீங்க?" என்றார். "நீங்க சீட்ட கழட்டி வையுங்க, நான் இங்கேருந்தே பாக்குறேன்" என்றார் பாய். மாலை வரை அந்தத் தெருவே கழுத்து வலியோடு நின்றது. நானும் நின்றேன். ஒரு மனிதன் தன் கைவேலையை நம்பி இப்படி நாள் முழுக்கத் தொங்க முடியுமா என்று வாய் திறந்து நின்றேன்.

அதற்குப் பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் செய்த தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சீட்டை சிதம்பரத்துக்கு எடுத்து வந்து, நோட்டுப் புத்தகத்தில் இழுவிசைக் கணக்குப் போட்டேன். இத்தனை தையலுக்கு இவ்வளவு பலம் என்றால், இரண்டு மடங்கு தையலுக்கு இரண்டு மடங்கு பலம். கணக்கு அழகாக வந்தது. செருப்பு தைக்கிறவர் ஒருவரிடம் கொடுத்து, பெல்ட் வளையத்தில் குறுக்கே நெருக்கமாக நான்கு வரி ஓட்டச் சொன்னேன். "துணிக்கு இந்த ஊசி வேணாம் சார்" என்று அவரும் சொன்னார். நான் கேட்கவில்லை. கிழிக்க வசதியாகத் தபால்தலைத் தாளில் வரிசையாக ஓட்டை போட்டிருப்பார்களே, அதைத்தான் காசு கொடுத்து செய்துகொண்டு வந்தேன். பாய் பார்த்தால் வருத்தப்படுவாரே என்று அதன்மேல் கறுப்பு டேப் வேறு சுற்றினேன்.

வேட்டை நாளன்று பாயிடம் நான் சொல்லவில்லை. ஏழுமலை சொல்லிவிட்டார். மாலைத் தொழுகையைப் பண்ருட்டியில் முடித்துக்கொண்டு மொபெட்டில் தோப்புக்கு வந்து இறங்கினார். தோப்பு நடுவிலிருந்த பலாமரத்தில் பத்தடி உயரத்தில் கயிறு கட்டியாகிவிட்டது. நான் ஏணியில் கால் வைத்தேன்.

"இருங்க சார். மரம் மாறிடுச்சில்ல? நான் ஒரு தபா உக்காந்து பாத்துடுறேன்." சீட்டை வாங்கிப் புரட்டினார். "இது என்னா பிளாஸ்திரி?"

"கை உரசுது பாய். அதுக்காகச் சுத்தினேன்."

ஒரு வாக்கியம். அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் நன்றாகத் திட்டிவிட்டு ஏறாமலே இருந்திருப்பார். சொல்லவில்லை. அவர் ஏறினார், கொக்கியை மாட்டினார், பின்னால் சாய்ந்தார். "நல்லா இருக்கு சார், நெழலும் நல்..." என்றார். பெல்ட் அறுந்தது.

முந்திரிச் சருகின்மேல் வலதுகையை மடித்தபடி விழுந்தார். ஏழுமலை ஓடி வந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், யாரோ அதில் இன்னும் ஏறிக்கொண்டிருப்பது மாதிரி. மணிக்கட்டு இரண்டாக உடைந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் பன்றிகளும் வந்தன. எங்களைப் பார்த்தன, ஆபத்தான ஆட்கள் இல்லை என்று முடிவு செய்துகொண்டு மல்லாட்டையைத் தோண்டப் போய்விட்டன. துப்பாக்கியை அடுத்த வாரமே காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன்.

கைக்குத் தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது, பிடி மட்டும் முழுதாக வரவில்லை. கையைவிடப் பெரிய சேதம் வேறிடத்தில் நடந்தது. சீட் பாய் தைத்தது அறுந்துவிட்டதாம் என்று ஊர் பேச ஆரம்பித்தது. படகுக்காரர்கள் அவரிடம் கொடுத்துவந்த கித்தான் வேலையை வேறு கடைக்குக் கொண்டுபோனார்கள். வேன்காரர்களும் போனார்கள். ஒருநாள் நான் அங்கிருந்தபோதே டீக்காரர் கேட்டார்:

"என்னா பாய், நூலு ஏமாத்திடுச்சா?"

"வயசாவுதில்ல மச்சான். கண்ணு தவறிடுச்சி" என்றார் பாய்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். முழுவதும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

எட்டு மாதம் அப்படியே போனது. மாதத்துக்கு இரண்டு முறை பழம் வாங்கிக்கொண்டு போவேன். பழத்தைக் கொடுப்பேன், விஷயத்தைச் சொல்லாமல் திரும்புவேன். என் மனைவி ஒருநாள், "ஒரு கை ஒடைஞ்சதுக்கு இவ்வளவு ஆரஞ்சா? வேற என்னமோ இருக்கு" என்றாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

பஸ் பிடித்துப் போய்ச் சொன்னேன். நின்றுகொண்டே, எல்லாவற்றையும். பாய் கேட்டு முடித்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து, அறுந்த பெல்ட் துண்டை எடுத்து வைத்தார்.

"இது செருப்பு தைக்கிற ஊசி சார். மொனை கத்தி மாதிரி இருக்கும். தோலுக்குத்தான் அது சரி."

"அப்பவே தெரியுமா பாய்?"

"கீழ வந்து சேர்றதுக்குள்ளயே தெரிஞ்சிடுச்சி. என் தையல் பிரிஞ்சா டர்ர்ர்னு வரும் சார், புடிச்சிக்க நேரம் குடுக்கும். இது டப்புனு போச்சி."

பத்தடி உயரத்திலிருந்து தரையைத் தொடுவதற்குள் யாருடைய தையல் என்று கண்டுபிடித்த மனிதர்! நான் வெட்கத்தை ஒரு நொடி மறந்து அவரையே பார்த்தேன்.

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவாங்க? தப்பா தைச்சிப்புட்டு வாத்தியார் மேல பழிய போடுறான்னுவாங்க. அத விடுங்க, நீங்க ஏறியிருந்தா? உங்க வெயிட்டு உங்களுக்குத் தெரியாது சார், எனக்குத் தெரியும்."

"மன்னிச்சிடுங்க பாய்."

"எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போயி சொல்லுங்க."

எதிர்க்கடைக்குப் போய் டீக்காரரிடம் சொன்னேன். அவர் கிளாசைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, "படிச்சவங்க சார் நீங்க" என்றார். அதைவிட மோசமான வசவை நான் கேட்டதில்லை. தேவனாம்பட்டினம் போய்ப் படகுக்காரர்களிடம் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்: சீட் பாய் தைத்த எதுவும் இதுவரை அறுந்ததில்லை. அறுந்தது நான் தைக்கச் சொன்னது.

உங்கள் வண்டி சீட் கிழிந்திருந்தால் முதுநகர் வரைக்கும் ஓட்டிப் போங்கள். கை முன்பைப் போல வேகமாக ஓடாது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ரெக்சினின் மறுமுனையைப் பிடித்தபடி ஒரு கிழவன், "இழுக்காதீங்க சார், சும்மா புடிங்க!" என்று திட்டு வாங்கிக்கொண்டிருப்பான். அது நான்தான். வாரத்தில் மூன்று நாள் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போகிறேன். பரிகாரத்துக்காகத்தான் போக ஆரம்பித்தேன். இப்போது, போகாத நாட்களில் எனக்குப் பொழுது போவதில்லை.