ஆறிலிருந்து எட்டு வரை ஒரு மகான்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக நடந்த மாபெரும் காரியம், பாக்தாத் நகரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், அரசு அலுவலகக் கோப்புப் பிரிவில் வேலை பார்க்கும் ஸப்வான் என்பவர் தம் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்ததுதான். வரலாற்று ஆசிரியர்கள் இதை இன்னும் பதிவு செய்யவில்லை. அவர்களுக்கும் கைப்பேசி இருக்கிறது, என்ன செய்வது.

ஸப்வான் ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் 'சிதறாத மனம்'. ஆயிரம் திசையில் இழுக்கும் இந்தக் காலத்தில் மனத்தை ஒன்றில் நிறுத்தி, அதில் கரை காண்பது எப்படி என்று உலகத்துக்குச் சொல்லித்தரும் நூல். இரண்டு வருடமாக எழுதினார். முதல் வாக்கியம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

உழைப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. தக்காளி வடிவத்தில் ஒரு கடிகாரம் வாங்கினார். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அது மணியடிக்கும். அடித்துவிட்டதா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் இவர் எடுத்துப் பார்ப்பார். அப்புறம், கைப்பேசியை உள்ளே போட்டால் ஒரு மணி நேரத்துக்குத் திறக்காத பெட்டி ஒன்றை வரவழைத்தார். பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நாற்பதாவது நிமிடம் திருப்புளியால் நெம்பித் திறந்தார். பெட்டி நன்றாக வேலை செய்கிறதா என்று தம் வலைப்பக்கத்தில் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டாமா?

வலைப்பக்கத்தில் மூவாயிரம் பேர் அவரை 'உஸ்தாத்', அதாவது ஆசான், என்று அழைத்தார்கள். தாம் ஒரு டூப்பு என்பது ஸப்வானுக்கும் தெரியும். காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து அதைத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார். பிறகு 'தன்னைப் பார்த்துச் சிரிக்கும் துணிச்சல்' என்று தலைப்பிட்டு அதையும் படமெடுத்துப் போட்டுவிடுவார். நீங்கள் சிரிக்க வேண்டாம். இந்த நாலைந்து பத்திகளை எழுதுவதற்குள் நானே மூன்று தடவை எழுந்து போய் வந்தாயிற்று.

இப்படி இருக்கும்போது ஜூன் மாதம் வந்தது. ஜூன் மாதம் என்றால் அரசுப் பரீட்சை. பரீட்சை என்றால், அது தொடங்குவதற்கு முன் கேள்வித்தாள் வெளியே கசியாமல் இருக்க, காலை ஆறிலிருந்து எட்டு வரை ஊர் முழுக்க இணையம் நிறுத்தப்படும். முதலில் ஒன்பதாம் வகுப்புக்கு, பிறகு பன்னிரண்டாம் வகுப்புக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் ஸப்வானின் ஒரே மகள் ரஃபலும் இருந்தாள். தேறினால் பல் மருத்துவம் படிப்பதாகத் திட்டம்.

முதல் நாள் ஆறு மணிக்கு ஸப்வான் மோடத்தைத் தட்டினார், குலுக்கினார், ஊதினார். சமையலறையிலிருந்து மனைவி ஹனா, பரீட்சைக் காலம் ஆரம்பித்துவிட்டது, அதை அடித்துக் கொல்ல வேண்டாம் என்றாள். ஸப்வான் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். சுவரில் புதிதாக ஒன்றும் வரவில்லை. வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்தார். எட்டு மணிக்குப் பார்த்தால் ஒன்பது பக்கம்!

எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு அவர் வெளியிட்ட அறிக்கை: "இன்று காலை இரண்டு மணி நேரம் நான் கைப்பேசியைத் தொடவில்லை. முடியும், நண்பர்களே. தேவை மன உறுதி ஒன்றுதான்."

அறிக்கை காட்டுத்தீயாகப் பரவியது. 'ஆறு மணிக் கழகம்' உதயமானது. உறுப்பினர்கள் நாற்பதாயிரம். கழகத்தின் செயலாளராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர் கீழ்வீட்டு அபூ தைஸீர், சுங்க இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். உஸ்தாதின் உபதேசத்தைக் கடைப்பிடித்த நாளிலிருந்து காலை ஆறு மணிக்குக் கை கைப்பேசிப் பக்கமே போவதில்லை, அப்படியே போனாலும் அதில் மனம் ஒட்டுவதில்லை என்று அவர் சாட்சி சொன்னார். நாற்பதாயிரம் பேரும் அதையே சொன்னார்கள். அந்த நேரத்தில் இணையமே இல்லை என்பது பாக்தாதில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஒரு நல்ல இயக்கம் வளர்ந்து வரும்போது அதைப் போய்ச் சொல்லிக் காட்டுவது நாகரிகமில்லை என்று எல்லாரும் கருதினார்கள். "இணையம் எல்லாருக்கும்தானே இல்லை? எல்லாருமா புத்தகம் எழுதிவிட்டார்கள்?" என்று ஸப்வான் மனைவியிடம் கேட்டார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அத்தியாயங்கள் மளமளவென்று வந்தன. வேதியியல் பரீட்சையன்று காலை ஆறரைக்கு ரஃபல் புத்தகத்தோடு வந்து கதவருகே நின்றாள்.

"பாபா, ஒரு பத்து நிமிஷம். இந்தச் சமன்பாட்டையெல்லாம் கேளுங்க, நான் சொல்றேன். அம்மாவுக்குக் கெமிஸ்ட்ரி வராது."

"கண்ணு, இது என் நேரம்மா. கவனத்தைத் துண்டு போட்டுக் குடுக்க முடியாது."

அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்தது ஏழாம் அத்தியாயம்: 'அருகில் இருப்பவரை முழுமையாகக் கவனிப்பது எப்படி?' மிகவும் உருக்கமாக வந்திருந்தது. எழுதும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ரஃபல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். பரீட்சை முடியும்வரை பள்ளி வாசலில் கொளுத்துகிற வெயிலில் தண்ணீர் பாட்டிலும் கையுமாக மற்ற தகப்பன்மார் நின்றார்கள். அந்த வரிசையில் ஹனாவும் நின்றாள்.

பரீட்சைகள் முடிந்தன. பத்து அத்தியாயம் தயார். கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி: 'நான் எப்படி வென்றேன்?' செப்டம்பர் முடிவுக்குள் வராவிட்டால் நூலைக் கைகழுவிவிடுவதாகப் பதிப்பகத்தார் சொல்லியிருந்தார்கள். ஸப்வான் வழக்கம்போல ஆறு மணிக்கு உட்கார்ந்தார். இணையம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மணி எட்டு. ஒட்டகத்துக்குப் பல் துலக்கும் காணொளிகள் பதினேழு பார்த்து முடித்திருந்தார். மறுநாளும் ஒட்டகம், அதற்கு மறுநாள் முதலை. ஒரு வாரத்தில் ஒரு வரி நகரவில்லை. மனுஷனுக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

கழகத்திலும் இதே கதை. அவசரப் பொதுக்குழு அபூ தைஸீர் வீட்டுக் கூடத்தில் கூடியது. தேநீர் வந்தது, பேரீச்சம்பழப் பலகாரம் வந்தது.

"உஸ்தாத், ஆறு மணி ஆனா கை தானாப் போகுது. நம்ம பயிற்சியில எங்கயோ ஓட்டை விழுந்திருக்கு" என்றார் அபூ தைஸீர், படம் எடுத்துக்கொண்டே.

ஸப்வான் நீண்ட நேரம் கண்ணை மூடியிருந்தார். "பயிற்சியில ஓட்டை இல்லைங்க. சூழ்நிலையிலதான் ஓட்டை."

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அதன் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. கல்வி இலாகாவுக்கு ஒரு விண்ணப்பம் தயாரானது. தவறிய மாணவர்களுக்குச் செப்டம்பரில் நடத்தும் இரண்டாம் சுற்றுப் பரீட்சையை இயன்றவரை நீட்டிக்க வேண்டும். அதற்கு ஆள் சேர, விடைத்தாள் திருத்துவோர் 'உரிய கண்டிப்பு' காட்ட வேண்டும். எத்தனைக்கெத்தனை பிள்ளைகள் தவறுகிறார்களோ, அத்தனைக்கத்தனை தேசத்தின் கவனம் கூர்மை பெறும்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்களே என்று பின்வரிசையில் ஒரு மருந்துக்கடைக்காரர் இழுத்தார். அந்த நேரம் பார்த்து யாருடைய கைப்பேசியோ சிணுங்க, எல்லாரும் தங்களுடையதை எடுத்துப் பார்த்தார்கள். அதற்குள் அபூ தைஸீர் தீர்மானத்தில் 'தியாகம்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டார். ஏகமனதாக நிறைவேறியது. முதல் கையெழுத்து ஸப்வானுடையது. போடும்போது ரஃபலின் முகம் நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது. கவனச் சிதறலை ஒதுக்குவது எப்படி என்பது மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதன்படி ஒதுக்கிவிட்டார்.

அந்த விண்ணப்பத்தை இலாகாவில் யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆகஸ்டில், அனல் அடிக்கும் ஒரு பிற்பகலில், முடிவுகள் வந்தன. ரஃபல் கைப்பேசியோடு கூடத்துக்கு வந்து நின்றாள். எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண். வேதியியலில் மட்டும் நாற்பத்தொன்பது. தேற ஐம்பது வேண்டும். ஒரே ஒரு மார்க், ஒரே ஒரு மார்க் என்று சொல்லிக்கொண்டே ஹனா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸப்வான் எழுந்தார். மகளை அணைத்து ஆறுதல் சொல்லத்தான் எழுந்தார். இதை அவர் பிற்காலத்தில் சத்தியம் செய்தே சொல்லியிருக்கிறார். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அப்ப நீ ரெண்டாம் சுற்று எழுதணும். எத்தனை நாளைக்காம் நடக்குது?"

ரஃபல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் நிதானமாகவே இருந்தது.

"எட்டு நாள், பாபா. ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் நெட் இருக்காது. கடைசி அத்தியாயத்துக்கு அது தாராளமாப் போதும். முன்னுரையும் எழுதணும்னா சொல்லுங்க, அதுலயும் ஃபெயிலாயிடுறேன். மூணாம் சுற்றும் வைப்பாங்களாம்."

ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடிதான், அது நல்ல யோசனையாக ஸப்வானுக்குப் பட்டது. அந்த ஒரு விநாடி முழுக்க ரஃபல் அவர் முகத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.