பதினொன்றில் நின்ற எடைமேடை

இப்போதெல்லாம் எவனும் ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை; திரையைப் பார்த்துத்தான் பேசுகிறான். நெல் மூட்டை டிராக்டரை எடைமேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு அறைக்குள் வந்த தளவானூர் கலியபெருமாளிடம் ஆபரேட்டர் சுமலதாவும் அப்படித்தான் பேசினாள்.

"செக்கிங் ஓடுது பெரியவரே. முடிஞ்சாதான் எடைச்சீட்டு."

"எதைச் செக் பண்ணுது? என் நெல்லையா?"

"கம்ப்யூட்டரு அதோட டிஸ்கைத் தானே பாத்துக்குது. தோ, பதினோரு சதவீதம்."

ராஜகிரி மலை மேல் மேகம் கறுத்திருந்தது. வண்டியில் தார்ப்பாய் இல்லை. சீட்டு இல்லாமல் ரைஸ்மில்லில் இறக்க விடமாட்டார்கள். நெல் நனைந்தால் வாங்கவே மாட்டார்கள்.

டீ குடித்துவிட்டு வந்தார். அதே பதினொன்று.

"கொல்லையில மோட்டாரு மக்கர் பண்ணா நான் இன்னா பண்ணுவேன் தெரியுமா?"

தெரியாது என்று அவள் சொல்வதற்குள் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினார்.

"ஐயோ! நடுவுல நிறுத்தவே கூடாது!"

திரைக்கு உயிர் வந்தது. இப்போது சதவீதம் இல்லை. கேள்வி மேல் கேள்வி.

"இன்னா கேக்குது?"

"இது கெட்டிருக்குது, சரி பண்ணட்டுமான்னு ஒவ்வொண்ணா கேக்குது." அவள் 'ஒய்' எழுத்தைத் தட்டிக்கொண்டே போனாள். "ஒய்யின்னா ஆமா."

"படிக்காமயே ஆமா ஆமான்ற? ஒவ்வொரு ஆமாவுக்கும் என் நெல்லுல எத்தினி கிலோ போவுதோ!"

"நெல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!"

"அப்படித்தான் சொல்வீங்க. வேணாம்னு சொல்ல எது?"

"அந்த 'என்'. ஆனா தொட்டுடாதீ..."

தொட்டார். விரலை எடுக்கவில்லை. கேள்விகள் சரசரவென்று ஓடி, திரை இருண்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

கலியபெருமாள் ஓடிப்போய், சட்டையைக் கழற்றி மூட்டைகள் மேல் விரித்தார். ஒரு மூட்டைக்கே போதவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, சுமலதா கம்ப்யூட்டர் மெக்கானிக் முருகையனிடம் போனில் அழுதுகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் அவன் குரல் நிதானமாக வந்தது.

"அதுக்கு மொதல்ல ஒண்ணுமே ஆவலம்மா. நல்லா இருக்கும்போதே எப்பவாச்சும் ஒரு தடவை தன்னைத்தானே பாத்துக்கும், நான்தான் அப்படி வெச்சேன். சும்மா விட்டிருந்தா மழைக்கு முன்னாடியே சீட்டு வந்திருக்குமே!"

சுமலதா மெல்லத் திரும்பிக் கலியபெருமாளைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கறவன் எதுக்குடி ஆஸ்பத்திரிக்குப் போறான்?" என்றார் அவர். பதிலுக்கு நிற்காமல், வெற்றுடம்போடு மழையில் இறங்கி வண்டியை நோக்கி நடந்தார்.