முன்கூட்டியே கண்டறியப்பட்ட சாம்பியன்

நோய் முற்றியபின் மருந்து தேடியவர்கள் உலகில் உண்டு. நோய் வந்தவுடன் தேடியவர்களும் உண்டு. நோயே இல்லாதவனைப் பிடித்து உட்காரவைத்து வைத்தியம் பார்த்த பெருமை மட்டும் நம் பெரிய சாரின் பள்ளிக்கூடத்துக்கே உரியது.

பெரிய சார் என்பது தலைமையாசிரியர். ஆள் சின்னவர்தான், நாற்காலிதான் பெரியது. 'நலிந்த குழந்தைகளை முன்கூட்டியே கண்டறிந்து அரவணைக்க வேண்டும்' என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்த அன்றே அவர் ஒரு குழு அமைத்துவிட்டார். மற்ற பள்ளிகள் அசட்டுத்தனமாகக் குழந்தைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, இவர் குழுவுக்குப் பெயர்ப்பலகை மாட்டினார், மேசைக்குப் பச்சைத் துணி விரித்தார், வாராவாரம் கூட்டம் போட்டு டீ ஆறுமுன் தீர்மானம் நிறைவேற்றினார். அத்தோடு விட்டாரா? நலிந்த குழந்தையே இல்லாத வகுப்புக்குக் 'கவலையற்ற வகுப்பு' என்று ஒரு சுழற்கேடயமும் அறிவித்தார்.

கேடயத்தின் மகிமையைச் சொல்லி மாளாது. பள்ளியில் நலிவு அடியோடு ஒழிந்தது. மயங்கி விழுந்த குழந்தை 'ஓய்வெடுத்தது'. அழுத குழந்தைக்குக் 'கண்ணில் தூசி'. மதியச் சாப்பாடு கொண்டுவராத குழந்தை 'எளிமையில் நாட்டமுடையது'. எல்லா வகுப்புகளும் தகுதி பெற்றுவிட்டதால், கேடயம் சுழல வழியின்றி பெரிய சாரின் அறையிலேயே தங்கிவிட்டது.

இப்படிச் சிறப்பாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தகவல் வந்தது. மறுநாள் மேலதிகாரி வருகிறார். கூடவே ஒரு டாக்டரும் வருகிறார். பள்ளி கண்டறிந்து வைத்திருக்கும் குழந்தையை அவர் பரிசோதித்து, வேண்டிய சிகிச்சைக்கு அங்கேயே ஏற்பாடு செய்வாராம்.

கண்டறிந்த குழந்தைக்கு எங்கே போவது? பந்தல் போட்டு, பந்தி விரித்து, மாப்பிள்ளையை மட்டும் மறந்துவிட்ட மாமனாரைப் போலப் பெரிய சார் முழித்தார்.

அவசரக் கூட்டம் கூடியது. பெரிய சார், ஆலோசகர் அம்மாள், விளையாட்டு மாஸ்டர், நாலாம் வகுப்பு டீச்சர் என்று நாலே பேர். அதில் டீச்சர் மட்டும் விஷயத்தோடு வந்திருந்தார்.

அவர் வகுப்பில் ஒரு சிறுமி. கரும்பலகையில் எழுதிப்போட்டால் எழுதுகிறாள். வாயால் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்க்கிறாள். இடது காதில் சீழ். இப்போது வலது காதும் மந்தமாகிவருகிறது. அப்பா இல்லை. அம்மா ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை. ஒருநாள் லீவு போட்டால் அந்த வேலைக்கு வாசலில் வேறு ஆள் நிற்கும். ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது? நாளைக்கு வரும் டாக்டர் பார்த்தால் அந்த இன்னொரு காதாவது தப்பும் என்றார் டீச்சர். இதை அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததும், கேடயத்தின் நலன் கருதிப் பெரிய சார் அதைக் 'கவனக்குறைவு' என்று திருத்தியதும் வேறு விஷயம்.

பெரிய சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் எப்போதும் அப்படித்தான் கேட்பார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கா?"

"என் வகுப்புக்கு வரும்போதே இப்படித்தான் சார். ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"அப்ப இது எப்படி டீச்சர் முன்கூட்டியே ஆகும்? லேட்டாக் கண்டுபிடிச்சதா இல்ல ஆகும். ஒரு வருஷமா என்னய்யா பண்ணினேன்னு அதிகாரி கேக்க மாட்டாரா?"

"கேக்கட்டுமே சார்."

"உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க. நாற்காலி என்னுது."

ஆலோசகர் அம்மாளும் அதை ஆமோதித்தார். கஷ்டம் வந்துவிட்ட குழந்தையைக் காட்டுவது திட்டத்தின் நோக்கத்துக்கே விரோதம். இதுவரை எந்தக் கஷ்டமும் அண்டாத குழந்தையாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒருத்தன்தான் தேறுவான் என்றார் விளையாட்டு மாஸ்டர்: நிர்வாகத் தலைவரின் பேரன், ஓட்டப்பந்தயச் சாம்பியன். அவன் தும்மிக்கூட யாரும் பார்த்ததில்லை.

"அப்போ இவனைத்தான் ரொம்ப முன்கூட்டியே கண்டுபிடிக்கிறோம்" என்றார் பெரிய சார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. டீச்சரின் மனம் கணக்கில் சேரவில்லை.

மறுநாள் காலை மணியடித்ததிலிருந்தே அரவணைப்பு தொடங்கியது. சாம்பியனுக்கு மெத்தை போட்ட நாற்காலி. கையில் சூடாகப் பால். இடைவேளையில் மைதானத்துக்கு விடவில்லை, மூச்சு வாங்குமாம். அவனிடம் மெதுவாகப் பேச வேண்டும் என்று நண்பர்களுக்கு உத்தரவு. வகுப்புக்கு வகுப்பு ஆலோசகர் அம்மாள் வந்து தோளைத் தொட்டார்.

"மனசுல ஏதாவது இருக்காப்பா?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

"ஒண்ணுமில்லைன்னு சொல்றதுதான் முதல் அறிகுறி."

மதியத்துக்குள் பையன் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அதிகாரி உள்ளே நுழைந்தபோது, தனக்கு என்ன வியாதி என்று யாருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள் எனத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். குழு பூரித்துப்போனது. காலையில் பையன் நன்றாகத்தான் இருந்தானா என்று அதிகாரி கேட்டார். ஆமாம், அப்போதே கண்டறிந்துவிட்டோம் என்றார் பெரிய சார், தலையை அடக்கமாகக் கவிழ்த்தபடி.

டாக்டர் சாம்பியனை மேலும் கீழும் பரிசோதித்தார். இவனை வெளியே ஓடவிட்டால் சரியாகிவிடுவான் என்று சொல்லிப் பெட்டியை மூடினார். அப்போது யாரும் கூப்பிடாமலே டீச்சர் அந்தச் சிறுமியின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

பெட்டி மறுபடி திறந்தது. விளக்கை வைத்து டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் காது போயிடுச்சு. போன வருஷமே காட்டியிருந்தா சொட்டு மருந்துலயே தீர்ந்திருக்கும். அந்தக் காதைக் காப்பாத்திடலாம், ஆனா தள்ளிப்போடக் கூடாது. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டு வருவீங்க?"

"நான் வர்றேன் டாக்டர்" என்றார் டீச்சர்.

பெரிய சாருக்கு உள்ளூர ஒரு நிறைவு. லேட் என்று அவர் நேற்றே சொன்னாரே. ஆனால் அதிகாரியின் பார்வை தன் பக்கம் திரும்புவதைக் கண்டதும், பொறுப்பை உரிய இடத்தில் சேர்ப்பிக்கத் தகப்பன்போலச் சிறுமியிடம் குனிந்தார்.

"ஏம்மா, காது வலிக்குதுன்னு போன வருஷமே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

அவள் விழித்தாள். டாக்டர் அந்தக் கேள்வியை வலது காதருகே திரும்பச் சொன்னார்.

"அப்பவே சொன்னேனே சார்" என்றாள் சிறுமி. "காலையில வரிசையில நிக்கிறப்ப உங்ககிட்டதான் சொன்னேன். வரிசையில பேசினேன்னு வெயில்ல நிக்க வெச்சீங்க."

கண்டறிவதில் பெரிய சாரை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. வரிசையில் எந்தக் குழந்தை வாயைத் திறந்தாலும் அந்த நொடியே கண்டறிந்துவிடுவார். அது என்ன சொன்னது என்பதை அறியத்தான் அவருக்கு ஒரு வருஷமும் ஒரு காதும் தேவைப்பட்டன.