ஒரு தொண்டையை நம்பி இருபது லாரி

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், தங்கள் தங்கையும், தங்கள் மருமகனும் உடலளவில் நலம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். அங்கு தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடிப்பவர் தங்கள் தங்கையாகவே இருக்கிறார். ஆகவே கடிதம்.

தங்கள் மருமகன் என்ன வேலை பார்க்கிறான் என்று போன முறை கேட்டீர்கள். நான் "சவுண்டு" என்றேன். "மைக் செட்டா?" என்றீர்கள். இல்லை மச்சான். ஊர் ஊராகப் போய் ஸ்டேடியத்தில் பாடும் ஒரு பெரிய பாடகியிடம் வேலை, நம் தமிழ்ப் பெண்தான். ஐம்பதாயிரம் பேர் கத்தும்போது அந்தப் பெண் பாடுவது அவளுக்கே கேட்காதாம். அதனால் காதுக்குள் ஒரு சின்னக் கருவி. நம் பையன் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, அவள் குரலை எடுத்து அவள் காதிலேயே போட வேண்டும். ஒருத்தி பேசுவது அவளுக்கே கேட்பதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள்! பஸ் டிப்போ ஸ்டோரில் ஆயுசு முழுக்க உத்தியோகம் பார்த்த எனக்கு, நான் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்கவே ஒருத்தரும் ஏற்பாடு செய்ததில்லை.

இந்த நிலையில்தான் பேப்பரில் அந்தப் பட்டியல் வந்தது. போன வருஷம் உலகத்திலேயே கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் அதிகம் வசூல் செய்தவர்கள் யார் யார் என்று. நம் பையனுடைய பாடகி மூன்றாவது இடம். தொகையைப் படிக்க ஆரம்பித்து நடுவில் பூஜ்யத்தில் வழி தவறி, மறுபடி முதலிலிருந்து வந்தேன். நான் படித்து முடிப்பதற்குள் தெருவே படித்துவிட்டது. சலூன்காரர் மீதிச் சில்லறை தருவதை நிறுத்திவிட்டார், "உங்களுக்கென்ன சார்" என்கிறார். வீட்டுக்காரர் இத்தனை நாள் என்னைப் பார்த்தால் கேட்டைச் சாத்துவார், இப்போது திறந்து வைத்துக்கொண்டு, "வாடகை விஷயமா ஒரு நாள் சாவகாசமா உட்காரணும்" என்கிறார். நான் பயந்துபோய்ப் பையனுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, அது வசூல்ப்பா. லாபம் இல்ல," என்றான். "ஸ்டேடியத்துக்காரங்க பங்கு, டிக்கெட் விக்கிறவங்க பங்கு, லைட்டு, டீசல், ஓட்டல், இன்சூரன்ஸ் எல்லாம் போகணும். மேடையே ரெண்டு இருக்கு. இங்க பாடிட்டு இருக்கும்போதே அடுத்த ஊர்ல இன்னொண்ணு எழும்பிட்டு இருக்கும். இருபது லாரி ஓடுதுப்பா."

"அதெல்லாம் இருக்கட்டும். உன் சம்பளம்?"

"ஷோ நடந்தா உண்டு. நடக்கலைன்னா..." கொஞ்சம் மூச்சு விட்டான். "நடக்கும்ப்பா."

அந்த மூச்சுதான் மச்சான் என் தூக்கத்தைக் கெடுத்தது. யோசித்துப் பாருங்கள். இருபது லாரி, ரெண்டு மேடை, டிரைவர், சமையல்காரர், தையல்காரர், கயிறு கட்டுகிறவர் என்று ஒரு ஊரே கிளம்பிப் போகிறது. அத்தனையும் எதை நம்பி? ஒரு பெண்ணின் தொண்டையை நம்பி. என் டிப்போவில் ஒரு எஞ்சின் போனால் ஸ்டோரில் இன்னொரு எஞ்சின் இருக்கும். இதற்கு உதிரி பாகமே கிடையாதே! அவள் ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டால் முந்நூறு வீட்டில் அடுப்பு எரியாது.

இதை நான் தெரியாத்தனமாகத் தங்கள் தங்கையிடம் சொல்லிவிட்டேன். அன்றோடு வீட்டில் நிம்மதி போச்சு. பையன் போன் பண்ணினால் "சாப்பிட்டியா" என்று கேட்பது போய், "அந்தப் பொண்ணு தொண்டை எப்படி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தாள். எந்த ஊரில் கச்சேரியோ அந்த ஊரில் மழையா, குளிரா, காத்தா என்று என்னைப் போனில் பார்த்துச் சொல்லச் சொல்வாள். நம்ம ஊர் மழையில் கொடியில் கிடந்த துணி மொத்தமும் நனைஞ்சுது, அது தெரியலை அவளுக்கு. டிவியில் அந்தப் பொண்ணு பேட்டி கொடுத்தா, "ஏன் இப்படி வளவளன்னு பேசுறா, குரலைச் சேர்த்து வைக்க வேணாமா?"ன்னு டிவியை அணைச்சுடுவா. அணைச்சா அவ பேச்சு நின்னுடும்னு நினைப்பு. நான் சிரிச்சேன். சிரிச்ச நானே மறுநாள் மருந்துக் கடையில போய், பாடுறவங்க தொண்டைக்கு என்ன நல்லதுன்னு கேட்டுட்டு நின்னேன். "யாருக்கு சார்?"ன்னான். பேரைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, தலைவலி மாத்திரை ரெண்டு கொடுத்து அனுப்பிட்டான்.

அப்புறம் அந்தச் சுற்றுப்பயணம் நம்ம ஊருக்கே வந்துச்சு மச்சான். டிக்கெட் விலை என் பென்ஷனைத் தாண்டி நிக்குது, அதுவும் காலையில ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை, கூட்டம் ஏற ஏற விலையும் ஏறுது. பையன் எங்களுக்குக் கழுத்துல மாட்டிக்கிற பாஸ் ரெண்டு வாங்கிக் கொடுத்து, மத்தியானமே மேடைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனான். கறுப்புப் பெட்டிங்க, எல்லாத்துக்கும் சக்கரம், கால் வைக்க இடமில்லாம வயரு. ஸ்டோர்க்காரன் கண்ணுக்கு ஒண்ணு சொல்றேன், ஒவ்வொரு பெட்டியிலயும் எந்த லாரி, எந்த வரிசைன்னு எழுதி ஒட்டியிருக்கு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அவ்வளவு ஒழுங்கு. அப்பத்தான் அந்தப் பொண்ணு வந்தது. போஸ்டர்ல பனைமரம் மாதிரி இருக்கிறவ நேர்ல உங்க சின்னப் பொண்ணை விடக் குள்ளம். காலில ரப்பர் செருப்பு, கழுத்துல துணியைச் சுத்தியிருக்கு. பையனைப் பார்த்து என்னவோ சொல்லிச்சு. குரலா அது? துருப்பிடிச்ச கேட்டைத் திறந்த மாதிரி இருந்துச்சு.

பக்கத்துல மேனேஜர், மூணு போனோட. டாக்டர் ஒருத்தர் அவர் காதுல, "வேணாம்னு நேத்தே சொன்னேன்"ங்கிறார். மேனேஜர், "ஊசி போடுங்க, இன்னைக்கு ஒரு நாள் ஓட்டிடலாம், ஸ்டேடியம் முழுக்க டிக்கெட் வித்தாச்சு"ங்கிறார். நான் பையன் முகத்தைப் பார்க்கிறேன், அவன் தரையைப் பார்க்கிறான். திரும்பிப் பார்த்தா என் பக்கத்துல உங்க தங்கச்சி இல்லை. நேரா அந்தப் பொண்ணுகிட்ட போயிட்டா.

"நீ பேசாதம்மா. வாயை மூடு. மூக்கால மூச்சு விடு."

மச்சான், உலகத்துல மூணாவது இடத்துல இருக்கிற பாடகியை வாயை மூடுன்னு சொன்ன ஒரே ஆள் நம்ம வீட்டு ஆள்தான். அந்தப் பொண்ணு சடார்னு வாயை மூடிக்கிச்சு. உங்க தங்கச்சி அதை ஒரு பெட்டி மேல உட்கார வச்சு, கையோட கொண்டு வந்த பிளாஸ்க்ல இருந்து வெந்நீர் ஊத்திக் கொடுத்துட்டா.

மேனேஜர் பாய்ஞ்சு வந்தார். "யாரு இவங்க? எந்த டிபார்ட்மென்ட்?"

"எங்கம்மா," அப்படின்னான் பையன், தப்பு பண்ணினவன் மாதிரி.

"அம்மா, உங்களுக்கு விஷயம் புரியலை. இன்னைக்கு ஒரு நாள் வசூல் எவ்வளவு தெரியுமா?"

"தெரியும். பேப்பர்ல படிச்சேன்," அப்படின்னா இவ. "இன்னைக்குத் தொண்டை கிழிஞ்சு போச்சுன்னா அடுத்த வருஷ வசூலுக்கு யாரு பாடுவா? நீங்க பாடுவீங்களா?"

அந்தப் பொண்ணு சிரிச்சுது. வாய் திறந்துச்சு, தோள் குலுங்குச்சு, சத்தம் மட்டும் வரலை. துளி கூட வரலை. அங்க இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுட்டுத் திரும்பிப் பார்த்தாங்க. லைட்டு கட்டிட்டிருந்தவர் ஏணியில பாதியில நின்னுட்டார். அந்தப் பொண்ணு கண்ணுல மளமளன்னு தண்ணி. உங்க தங்கச்சி முதுகைத் தடவிக் கொடுத்துட்டே இருந்தா. அப்பத்தான் நம்ம பையன் வாயைத் திறந்தான்.

"மேல போகும்போது குரல் உடையுது மேடம். மூணு வாரமா எனக்குக் கேக்குது. சொன்னா ஷோ நிக்கும், எல்லார் சம்பளமும் நிக்கும்னு சொல்லாம இருந்துட்டேன்." பாஸைக் கையில உருட்டிட்டே சொன்னான். "உடையுறது தெரியாம உங்க காதுல நான்தான் கொஞ்சம் பூசி மெழுகிப் போட்டேன். இன்னைக்கு என்னால முடியாது."

அந்தப் பொண்ணு அவனையே பார்த்துது. கோபம் வரப்போகுதுன்னு நினைச்சேன். மேனேஜர் கையில இருந்த போன்ல ஒண்ணைப் பிடுங்கி, எழுதிக் காட்டிச்சு: "இன்னைக்கு இல்லை."

ரத்துன்னு அறிவிச்சப்ப நான் எங்க இருந்தேன்னு கேளுங்க. வெளி கேட்டுல, கழுத்துல பாஸோட, காத்து வாங்கிட்டு நின்னேன். பாஸைப் பார்த்துட்டு என்னைப் பெரிய அதிகாரின்னு நினைச்சு நூறு பேர் சூழ்ந்துட்டாங்க. முகத்துல மினுமினுப்பு ஒட்டியிருந்த ஒரு காலேஜ் பொண்ணு என் சட்டையில சாய்ஞ்சு அழுதுது, இன்னும் அந்த மினுமினுப்பு துவைச்சுப் போகலை. "பணம் திரும்ப வருமா?"ங்கிறார் ஒருத்தர். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் பஸ் டிப்போ"ன்னேன். "அப்ப பஸ்ஸாவது எப்ப வரும்?"ங்கிறார். பழக்கதோஷத்துல, "முதல்ல வரிசையில நில்லுங்க"ன்னு ஒரு சத்தம் போட்டேன். நின்னுட்டாங்க மச்சான்! எதுக்கு வரிசைன்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பொண்ணுக்குத் தொண்டை சரியில்லைன்னு சொன்னேன். ஒருத்தர் கூட ஏசலை, "ஐயோ, இப்ப எப்படி இருக்காங்க?"ன்னுதான் கேட்டாங்க. இதுல லாபம் பார்த்தது ஒரே ஒரு ஆள். அன்னைக்குத் தேதி அச்சடிச்ச பனியன் விக்கிறவர். நடக்காத கச்சேரியோட பனியன் இனிமே கிடைக்காதுன்னு அடிச்சுப் பிடிச்சு வாங்கிட்டாங்க. அதுவும் வசூல் கணக்குல சேருமாம்.

இப்போது நிலைமை என்னவென்றால், சுற்றுப்பயணம் காலவரையறை இல்லாமல் நிற்கிறது. லாரிகள் எங்கோ ஷெட்டில். இன்சூரன்ஸ்காரர்கள் கச்சேரிக் கம்பெனிக்குக் கொடுப்பார்களாம், நாள்கூலிக்காரனுக்குக் கொடுக்க மாட்டார்களாம். பையன் வீட்டில் படுத்திருக்கிறான். ஃபேன் ஒரு பக்கம் சுதி குறைகிறது என்று ஏறி இறங்குகிறான். நேற்று என்னையும் விடவில்லை: "அப்பா, உங்க குறட்டையில ஒரு தடுக்கல் இருக்கு, டாக்டரைப் பாருங்க." தங்கள் தங்கையோ, "நான் செஞ்சது தப்பா?" என்று வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் பாத்திரத்தைச் சத்தம் வராமல் வைக்கிறாள். முப்பது வருஷத்தில் இந்த வீட்டில் நான் கேட்காத அமைதி அது. தப்பில்லை என்று நானாகவே சொன்னேன். "உன்னை யாரு கேட்டா?" என்றாள். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஆகவே மச்சான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பையனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுங்கள். மனிதர்களுக்குப் பெட்டி எப்போதும் வேண்டும். பெட்டிக்குத் தொண்டை கட்டாது. மழை வந்தாலும் உள்ளேயே செய்யலாம். மெஷின் பக்கம் மட்டும் விடாதீர்கள், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லியே உயிரை வாங்குவான். அவன் மறுப்பான். நான் பேசிக்கொள்கிறேன். தாங்கள் மறுத்துவிடாதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய் நொடியில்லாமல், முக்கியமாகத் தொண்டை கட்டாமல், நீண்ட நாள் வாழ என் ஆசிகள். தாங்கள் நீர் மாற்றிக் குடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும், தங்கள் தங்கையைக் கட்டியவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கச்சேரிக் கம்பெனியிலிருந்து போன். அந்தப் பெண்ணுக்குக் குணமாகிவிட்டதாம். வாரத்துக்கு ரெண்டே கச்சேரி, நடுவில் பேசவே கூடாத நாட்கள் என்று டாக்டர் சொன்னபடி மறுபடி கிளம்புகிறார்கள். பையனுக்கு இனி மாதச் சம்பளம். அந்தப் பேசாத நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்க விடாமல் பார்த்துக்கொள்ள நம்பகமான ஒரு ஆள் வேண்டுமாம். அந்தப் பெண் ஒரே ஒரு பேரைத்தான் எழுதிக் காட்டினாளாம். தங்கள் தங்கைக்கு அவர்கள் சொன்ன தொகை, நான் ரிடையர் ஆனபோது வாங்கிய சம்பளத்தை விட அதிகம். என்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டு, சக்கரம் வைத்த பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். பையனும் கூடவே போயிருக்கிறான். எட்டு மாதம், பதினாறு ஊர். ஆகையால் மேலே வேலை கேட்டு எழுதியதில் பையன் என்று வரும் இடமெல்லாம் அடித்துவிட்டு, நான் என்று படித்துக்கொள்ளவும். வேலைக்கு என்று சம்பளம் கூட வேண்டாம் மச்சான், மத்தியானச் சாப்பாடு போடுவீர்களா என்று மட்டும் எழுதவும்.